பெல்ட்டுக்கு அந்தப் பக்கம்

இழைப்பு மெஷின் ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாக நின்றபோது பட்டறைக்காரி அதைத் திட்டவில்லை. முதல் இரண்டு தடவை திட்டியதில் அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பலகை பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக மாட்டிக்கொண்டு நிற்க, மோட்டார் ஒரு முனகல் முனகி அடங்கியது. சிவப்புப் பொத்தானை அழுத்தி, மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு அப்படியே மரக்குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"கூப்பிட வேண்டியதுதானே?" என்றார் டேப்பு. அவர் அவளிடம் வேலை பார்க்கும் தச்சர். எதையும் மூன்று முறை அளக்காமல் அறுக்க மாட்டார் என்பதால் வந்த பெயர்.

"யாரை?"

டேப்பு டேப்பை எடுத்துக்கொண்டு அடுத்த பலகையை அளக்கப் போனார். அளந்துதான் பேசுவார்.

யாரை என்பதுதான் அவளுடைய தலைவலி. அவளுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் மெக்கானிக். பேரிங், ரோலர், கத்தி, பெல்ட் என்று சுழல்கிற எதையும் காதை வைத்துக் கேட்டே நோய் சொல்லிவிடுவார். தம்பி எலெக்ட்ரீஷியன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துக் கம்பி சுற்றி உயிர் கொடுப்பான். இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தினால் ஊரில் ரிப்பேர் செய்ய முடியாத மெஷின் கிடையாது. அந்த நிறுத்துவதுதான் ஆறு வருஷமாக முடியாத காரியமாக இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மர அறுவை மில் ஒன்றில் பெரிய மோட்டார் ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினார்கள். மாட்டிய மூன்றாம் நாள் மோட்டார் எரிந்தது. மில்காரர் முன்னால், இருபது ஆட்கள் பார்க்க, அண்ணன் "கம்பி சுத்தினதுல கோளாறு" என்றார். தம்பி "பேரிங் போட்ட லட்சணம் அப்படி" என்றான். அத்தோடு பேச்சு நின்றது. அண்ணன் இப்போது தம்பியை "உன் தம்பி" என்பார். தம்பி அண்ணனை "உன் அண்ணன்" என்பான். கேட்பவர்களுக்கு அவள் மட்டும்தான் இரண்டு பேரோடும் பிறந்தவள் என்று தோன்றும்.

அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மிச்சம் இருப்பது இந்த மூன்று பேர்தான். இந்த இரண்டு பேரும் ஒரேயடியாக அறுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. அவளுடைய மெஷின் ஒன்றுதான் இன்றைக்கும் இரண்டு பேரும் கை வைக்கிற மெஷின். அதனால் அது பழுதாவதில் அவளுக்கு உள்ளூர ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. வெளியே சொன்னால் டேப்பு சிரிப்பார்.

அவர்கள் வருவதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் வந்துபோன பிறகுதான் இன்னொருவர் வருவார். மெஷினையும் பாகம் பிரித்தாகிவிட்டது. பெல்ட்டுக்கு அந்தப் பக்கம், அதாவது மோட்டார், சுவிட்ச், வயர் எல்லாம் தம்பியுடையது. பெல்ட்டும், பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் கத்தி உருளை, ரோலர், மேஜை எல்லாம் அண்ணனுடையது. அடுத்தவர் பாகத்தில் ஒரு தூசியைக்கூட இவர் ஊத மாட்டார். நடுவில் தூது போவது அவள் வேலை.

தூது என்றால் லேசான தூது இல்லை. அண்ணன் சொல்வார்: "உன் தம்பிகிட்ட சொல்லு. மூளையைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வர்றதா இருந்தா, மீட்டரையும் வெச்சுட்டே வரட்டும். மூணு ஃபேஸ்ல ஒண்ணு குறையுது, மோட்டார் முனகுறது தெருமுனை வரைக்கும் கேக்குது." அவள் தம்பியிடம் சொல்வாள்: "ஒரு ஃபேஸ் குறையுதான்னு பாக்கச் சொன்னாங்க." தம்பி சொல்வான்: "உன் அண்ணன் கத்தி தீட்டினா அதுல வெண்ணெயைக்கூட வெட்ட முடியாது." அவள் அண்ணனிடம் போய், "கத்தி கொஞ்சம் மழுங்கின மாதிரி தெரியுதாம்ண்ணே" என்பாள். மனசு கேட்காவிட்டால், "உங்க வேலை எப்பவும் சுத்தம்னு சொன்னான்" என்று ஒரு சிட்டிகை சேர்த்தும் விடுவாள். அவன் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டான். ஆறு வருஷமாக இரண்டு பக்கத்து வசவையும் மென்று விழுங்கி அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. அதில் தனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பதாகவும் நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தம்பி வந்தான். நூலகம் ஒன்றுக்கு நாற்பது மேஜைப் பலகைகள் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும், இருபத்தாறு இன்னும் இழைக்கவே இல்லை. அவன் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, மீட்டரை வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டான். மூன்று ஃபேஸில் ஒன்று, உள்ளே கரண்டைச் சேர்த்துவிடுகிற கான்டாக்டர் வரை ஒழுங்காக வந்தது, அதற்கு அப்புறம் இளைத்துப்போனது. உள்ளே ஒரு முனை கருகிக் குழி விழுந்திருந்தது. "இதோ இருக்காரு திருடன்" என்றபடி அதை மாற்றினான். அத்தோடு விடவில்லை. எதற்கும் மோட்டாரின் பேரிங்கையும் பார்த்துவிடுவோம் என்று மோட்டாரைக் கழற்றினான்.

மோட்டாரைப் பிரிக்க வேண்டுமானால் அதன் தண்டில் இருக்கிற புல்லியை உருவ வேண்டும். பெல்ட் ஏறி ஓடுகிற சக்கரம் அது. அதைத் தண்டோடு பிடித்துவைப்பது பக்கவாட்டில் இருக்கிற ஒரு சின்னத் திருகு. அந்தத் திருகு இறுகிப்போய் நகர மறுத்தது. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, கைக்குக் கிடைத்த ஆலன் கீயைத் திருகின் தலைக்குழியில் போட்டுத் திருகி ஒரு வழியாகக் கழற்றினான். வேலை முடிந்து மோட்டாரைத் திரும்ப மாட்டியபோது புல்லியை வெறுமனே சொருகி, திருகை விரலால் ஏற்றிவிட்டான்.

"புல்லியைச் சும்மா சொருகி வெச்சிருக்கேன்க்கா. ரெண்டு புல்லியையும் நேரா பார்த்து வெக்கிறது பெல்ட்காரர் வேலை. இனிமே நின்னுச்சுன்னா மோட்டார் மேல பழி போடாதே. உன் அண்ணனைக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இந்த ஒரு புல்லி யாருடைய பாகம் என்று ஆறு வருஷமாக யாரும் பேசியதே இல்லை. மோட்டாரில் இருப்பதால் அது தம்பியுடையது. பெல்ட் ஓடுவதால் அது அண்ணனுடையது. நாட்டு எல்லையில் நிற்கிற மரம் மாதிரி அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

புதன்கிழமை காலையில் அண்ணன் வந்தார். மூன்று கத்திகளில் ஒன்று மற்றவற்றைவிட மயிரிழை உயர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார். எல்லாப் பாரத்தையும் அந்த ஒன்றே வாங்கி மழுங்கிப்போயிருந்தது. புதுக் கத்திகளைப் போட்டு, ஒரு மரச் சட்டத்தை வைத்து மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். ரோலருக்கு அடியில் பிசினோடு கெட்டியாகிக் கிடந்த சீவலைச் சுரண்டி எடுத்தார். பெல்ட்டை மாட்டி, நூல் பிடித்து இரண்டு புல்லிகளையும் நேராக்கினார். கடைசியில் அந்தத் திருகை இறுக்கப் போனார். கீ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. திருகின் தலைக்குழி வட்டமாகத் தேய்ந்திருந்தது.

அண்ணனுக்கு வந்ததே கோபம்.

"பாப்பா! இங்க வா. உன் தம்பி பண்ணி வெச்சிருக்கிறதைப் பாரு." நாற்பத்திரண்டு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். "அளவு சேராத கீயைப் போட்டுத் திருகினா இப்படித்தான் ஆகும். கைன்னு சொல்லிட்டு உலக்கையை வெச்சுக்கிட்டு அலையறான். இவனெல்லாம் தொழில் பண்றான்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு. இந்த அளவுத் திருகு என்கிட்ட இல்ல, அவன் பெட்டியில இருக்கும். வந்து புதுசு போட்டுட்டு அப்புறமா மெஷினைப் போடச் சொல்லு. பெல்ட் மூடியை மாட்டாம விட்டுட்டுப் போறேன், குருடனுக்கும் தெரியட்டும். மீறிப் போட்டா நான் பொறுப்பில்ல."

அவள் காதில் ஃபோன். மறுமுனையில் நூலகத்துக்காரர் வெள்ளிக்கிழமையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் சொன்னது அவளுக்குக் கேட்காமல் இல்லை. நன்றாகவே கேட்டது. "நான் பொறுப்பில்ல" என்பதை அண்ணன் வாரத்துக்கு நாலு தடவை சொல்வார். "சரிண்ணே, நான் சொல்லிக்கிறேன்" என்று தலையை ஆட்டினாள்.

மத்தியானம் வரை அதையே மனசில் புரட்டிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது? வசவை எடுத்துவிடலாம். ஆனால் திருகு தேய்ந்துபோயிருக்கிறது என்று எவ்வளவு பூப்போலச் சொன்னாலும், தேய்த்தது நீ என்றுதான் அதற்கு அர்த்தம். போன மாசம் "வயரை நல்லா கட்டச் சொன்னாங்க" என்று சொன்னதற்கே தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன், ஒன்பது நாள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போதும் போனால் பலகை போச்சு. பலகைகூடப் போகட்டும், இந்தத் தடவை திரும்பி வராமலே போய்விட்டால்? மூடிதான் திறந்து கிடக்கிறதே, அவன் கண்ணுக்குத் தப்புமா என்ன, அவனே பார்த்துக்கொள்வான். இப்படிச் சொல்லித் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

தம்பி வந்ததும் கேட்டான், "என்ன சொன்னாரு உன் அண்ணன்?"

"வேலை முடிஞ்சுதாம். நீ பாத்துட்டு ஓட்டச் சொன்னாங்க."

அந்த "பாத்துட்டு" என்ற வார்த்தையில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டதாக அவளுக்கு ஒரு நிம்மதி.

தம்பி சுவரில் சாய்த்து வைத்திருந்த இரும்பு மூடியைப் பார்த்தான். "வேலை முடிஞ்சுதா? மூடியை மாட்டக்கூட உன் அண்ணனுக்கு உடம்பு வளையல" என்றான். அவன் மாட்டவில்லை. மூடி பெல்ட்டைச் சேர்ந்தது, பெல்ட் அவனுடையது இல்லை. மீட்டரின் கவ்வியை மோட்டாருக்குப் போகிற வயரில் மாட்டிவிட்டு, மோட்டாருக்குப் பக்கத்திலேயே ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான்.

"போடுக்கா."

பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் முனகல் இல்லாமல் ஒரே சீராக எழுந்தது. ஒரு குறுகிய பலகையை விட்டாள். அந்தப் பக்கம் வழுவழுவென்று வந்தது. தம்பி மீட்டரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"நேத்து இழுத்ததுல பாதிகூட இழுக்கல" என்று சத்தத்துக்கு மேல் கத்தினான். பிறகு, யாரோ கட்டாயப்படுத்திய மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "உன் அண்ணன் கை இன்னும் போகலக்கா" என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. இதை ஒரு எழுத்து மாற்றாமல், அவள் சிட்டிகை எதுவும் சேர்க்காமல், இன்றைக்கே அண்ணனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"இப்ப அகலமான பலகையைப் போடு. முழு பாரத்துல பாப்போம்."

போட்டாள். கத்தி மரத்தைக் கவ்வியதும் மெஷினின் குரல் தாழ்ந்தது. அந்தப் பாரம் புல்லியைப் பிடித்து இழுத்தது. பிடிமானம் இல்லாத திருகு வழிவிட்டது. தண்டின் நுனியை நோக்கிப் புல்லி நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. படார் என்று ஒரு சத்தம். பெல்ட் சுருண்டு சுவரில் அடித்தது. கழன்று தெறித்த இரும்புச் சக்கரம் மீட்டரைப் பிடித்திருந்த தம்பியின் வலது மணிக்கட்டில் மோதி, அவனையும் தள்ளிக்கொண்டு மரத்தூளில் போய் விழுந்தது.

அவள் சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டு ஓடினாள். தம்பி தன் கையையே வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் குரல் வந்தது டேப்புக்குத்தான். அளக்காமல் ஓடி வந்து அவனைத் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு எலும்பு உடைந்திருக்கிறது என்றார்கள். எலும்பு சேர்ந்துவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் போகிற நரம்பு எப்படி இருக்கிறது என்பது வீக்கம் வடிந்த பிறகுதான் தெரியும் என்றார் டாக்டர். மயிர் மாதிரிக் கம்பியை விரலால் சுற்றிப் பிழைக்கிறவனிடம் இதைச் சொன்னார்.

அண்ணன் கிரீஸ் கையோடு வந்து சேர்ந்தார். அறைக்குள் நுழைந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பேசியது தங்கையிடம்தான்.

"எப்படி ஆச்சு பாப்பா?"

"மோட்டார் புல்லி கழண்டுக்கிச்சுண்ணே."

தம்பி கூரையைப் பார்த்தபடி சொன்னான். "அக்கா, உன் அண்ணன்கிட்ட ஒண்ணு கேளு. திருகை இறுக்காம விட்டது மறந்துபோயா, இல்ல வேணும்னேயா?"

நாலடி தூரத்தில் நின்ற அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினார். "வேணும்னேயா? நான் சொல்லி அனுப்பினேனா இல்லையா, உன் தம்பியைக் கேளு! புதுத் திருகு போடாம சுவிட்சைத் தொடாதேன்னு தெளிவா சொன்னேன். என் பேச்சுன்னா அவனுக்கு அவ்வளவு இளப்பம். கையே போனாலும் கேக்க மாட்டான்."

"என்ன திருகு? எனக்கு யாரும் எந்தத் திருகும் சொல்லல."

"பொய் சொல்றான் பாரு."

"நான் பொய் சொல்றேனா? படுத்துக் கிடக்கிறவன் பொய் சொல்றேனா? அவர் பண்ணின தப்பை மறைக்க..."

பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்தார்கள்.

அவள் வாய் தானாகவே வேலையை ஆரம்பித்தது. சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது என்று சொல்லலாம். நான் சொன்னேன், அவன் ஃபேஸைப் பார்க்கிற மும்முரத்தில் கவனித்திருக்க மாட்டான் என்று சொல்லலாம். யார் மேலும் பழி விழாமல் விஷயத்தை மழுப்ப அவளுக்கு நூறு வழி தெரியும். ஆனால் எந்த வழியாகப் போனாலும் ஒருவரை ஒருவர் நம்பாமல் இந்த அறையை விட்டுப் போவார்கள். தம்பி சாகிற வரைக்கும் தன் கையை உடைத்தது அண்ணன் என்றே நினைப்பான். அவள் எதற்கு ஆறு வருஷமாகப் பயந்தாளோ அது கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது.

"நான் சொல்லல" என்றாள்.

"என்னக்கா?"

"அண்ணன் சொன்னாங்க. தெளிவாத்தான் சொன்னாங்க. திருகு தேஞ்சுபோச்சு, புதுசு போடாம ஓட்டக்கூடாதுன்னு. அதுக்குத்தான் மூடியையும் திறந்து வெச்சாங்க. நான்தான் உன்கிட்ட சொல்லல. சொன்னா நீ கோவிச்சுக்கிட்டுப் போயிடுவேன்னு..." கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "உன் கையை நான்தான்டா உடைச்சேன். பலகையைப் போட்டதும் நான்தான்."

அழுதாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

தம்பி கேட்டான். குரலில் கோபம் இல்லை. பழுது எங்கே என்று தேடுகிறபோது, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுக்கொண்டு வருகிற குரல்தான் அது.

"வேற என்னெல்லாம் சொல்லாம விட்டே?"

"திட்டினதைத்தான். அவங்க உன்னைத் திட்டினது, நீ அவங்களைத் திட்டினது. அதை மட்டும்தான்."

அண்ணன் நிமிர்ந்தார். எதையோ கணக்குப் போடுகிறவர் மாதிரி அவளையே பார்த்தார்.

"பாப்பா, கிரீஸ் விஷயம் சொன்னியா?"

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி. மில் மோட்டார் எரிஞ்சு ஒரு மாசம்கூட ஆகல. உன் பட்டறையிலதான், கத்தி தீட்டிக்கிட்டே சொன்னேன்."

நினைவிருந்தது. ஒரு நாள்கூட மறந்ததில்லை. 'அந்தக் கழுதைகிட்ட சொல்லு, பேரிங்ல நான்தான் கிரீஸை அமுக்கி அமுக்கி வெச்சுட்டேன், அந்தச் சூட்டுலதான் எரிஞ்சிருக்கணும். வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு' என்றார் அண்ணன். அன்றைக்குத் தம்பி கொதித்துப்போயிருந்தான். கழுதை என்ற வார்த்தை வேறு இருந்தது. இரண்டு நாள் ஆறட்டும், நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் பத்து நாளாயிற்று. பிறகு, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பானே என்ற கூச்சம் வந்தது. ஒரு வருஷம் போன பிறகு அதை எடுக்கவே பயம். அண்ணன் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அண்ணி சொல்லி அவளுக்குத் தெரியும். பிறகு அந்த உட்காருவதும் நின்றுபோனது.

"சொல்லலண்ணே" என்றாள்.

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நான், அவன் வர மாட்டேன்னுட்டான்னு நெனச்சேன்" என்றார். அதை அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

தம்பி கூரையிலிருந்து கண்ணை இறக்கினான். இடது கையை ஊன்றி, வலியில் பல்லைக் கடித்து, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அக்காவைத் தாண்டி அவரைப் பார்த்தான்.

"என்ன கிரீஸ்ண்ணே?"

அண்ணன் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டார். தங்கையின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு வசவாவது விட்டிருக்கலாம்.

"நீ கொஞ்ச நேரம் வெளிய இரும்மா" என்றார்.

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நடைபாதை பெஞ்சில் டேப்பு அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் உட்காரவில்லை. கதவோரமாகவே நின்றாள். உள்ளே முதலில் ஒரு குரல் கேட்டது, பிறகு இன்னொன்று, பிறகு இரண்டும் சேர்ந்து உயர்ந்தன, தாழ்ந்தன. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை.